முதலில் தண்டு, பிறகு தட்டு: கண்டிச் சரிவில் மாடி வீடு எப்படி இயங்குகிறது?

இட்லித் தட்டுகளைக் கழற்றிக் கழுவும்போது பார்த்திருப்பீர்கள். நடுவில் ஒரு தண்டு. அதில் மூன்று நான்கு தட்டுகள் கோத்திருக்கும். தண்டு இல்லாவிட்டால் தட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று சரிந்து கிடக்கும், மாவு வேகாது. மாடி வீட்டுக்குத் தண்டு படிக்கட்டுதான். நாமோ ஹோல், சாமியறை, குசினி, மூன்று படுக்கையறை எல்லாவற்றையும் கீறி முடித்துவிட்டு, மிச்சமிருக்கும் மூலையில் படியைச் செருகுகிறோம்.

முதலில் தண்டின் பருமனை அளப்போம். கீழ்த் தரைக்கும் மேல் தரைக்கும் இடையே 10 அடி, அதாவது 120 அங்குலம் என்று வையுங்கள். 18 ஏற்றமாகப் பிரித்தால் ஒவ்வொன்றும் ஏறக்குறைய 6.7 அங்குலம். கால் வைக்கும் இடம் 11 அங்குலம். உயரத்தை இரட்டித்து இந்த 11-ஐக் கூட்டினால் 24-க்குச் சற்று மேலே வரும். கூட்டுத்தொகை 24, 25-ஐ ஒட்டி நின்றால் ஏறுபவருக்கு மூச்சு வாங்காது. பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் பிரான்சுவா பிளொன்டெல் 17ஆம் நூற்றாண்டில் சொன்ன விதியிலிருந்து வந்த கணக்கு இது.

படி நடுவில் திரும்புகிறது என்றால் பக்கத்துக்கு 9 ஏற்றம். திரும்புமிடத்துக்கு 3 அடி விட்டால் மொத்த நீளம் சுமார் 10⅓ அடி, அகலம் 6½ அடி. ஏறக்குறைய 67 சதுர அடி. கண்டியில் பலர் வாங்குவது 10 பேர்ச் காணி. அது 2,722 சதுர அடிதான். எல்லைக்கு விடும் இடமும் சரிவும் போக, வீட்டுக்குக் கிடைப்பது கொஞ்சம். அதில் 67 சதுர அடியை மிச்ச மூலையில் தேடினால் எப்படிக் கிடைக்கும்?

அடுத்தது, தண்டு நிற்கும் இடம். படி எங்கே தொடங்குகிறது என்பதில் காட்டும் அக்கறையை அது மேலே எங்கே கொண்டுபோய் விடுகிறது என்பதிலும் காட்ட வேண்டும். ஓர் ஓரத்தில் கொண்டுபோய் விட்டால் அறைகளுக்குப் போக நடைபாதை வேண்டும். 3 அடி அகலத்தில் 20 அடி நடைபாதை என்றால் 60 சதுர அடி போயிற்று. நடுவில் விட்டால் படி முடியும் இடத்தைச் சுற்றியே மூன்று கதவுகளை வைத்துவிடலாம்.

இனிக் கண்டிக்கே உரிய சங்கதி. இட்லித் தட்டுகளைக் கோக்கும்போது மேல் குழி கீழ்க் குழிக்கு நேரே வராமல் சற்றுத் திருப்பி வைப்போம். அப்போதுதான் கீழ் இட்லி உப்ப இடம் கிடைக்கும். சரிவான காணியிலும் தளங்களை இப்படி மாற்றிக் கோக்கலாம். நிலம் முன்னுக்கும் பின்னுக்கும் 5 அடி வித்தியாசமா? 9 ஏற்றம் ஏறினால் சரியாக 5 அடி. படி திரும்பும் இடமே பின்பக்க அறைகளின் தரையாகிவிடும். இன்னும் 9 ஏறினால் ஹோலுக்கு மேலேயுள்ள அறை. மண்ணை வெட்டும் வேலை குறையும். ஒரே மூச்சில் 18 படி ஏறும் தொல்லையும் இருக்காது. பாட்டியின் அறையை மட்டும் வாசல் மட்டத்திலேயே வைத்துவிடுங்கள்.

கண்டியில் பிறந்த கட்டடக் கலைஞர் மினெட் டி சில்வா (1918–1998) இந்த ஊர்ச் சரிவில் கருணாரத்ன குடும்பத்துக்கு 1951-இல் முடித்துக் கொடுத்த வீடும் இப்படி அரைத் தளங்களாக மலையோடு இறங்கும் வீடுதான். பின்னால் வட்டபுலுவ வீட்டுத் திட்டத்துக்கு, குடியேறப் போகும் குடும்பங்களிடம் வினாக்கொத்து கொடுத்துத் தேவைகளைக் கேட்டுக்கொண்டுதான் அவர் கோடு போட்டார்.

இட்லிப் பானையில் ஆவி மேலேதான் போகும். மத்தியானச் சூடும் படிக்கட்டு வழியாக ஏறும். படியின் உச்சியில் திறக்கக்கூடிய யன்னல் வைத்தால் சூடு வெளியேறும், பகலில் விளக்கும் வேண்டாம். ஆனால் குசினிக் கதவு படியடிக்கு நேரே திறக்கக் கூடாது. கருவாடு பொரித்த அன்று மேல் அறைத் தலையணையெல்லாம் மணக்கும்.

கடைசியாக அடித் தண்ணீர். அது கீழ்த் தட்டைத் தொட்டால் இட்லி கஞ்சியாகும். மலைப்பக்கச் சுவருக்குப் பின்னால் ஊறும் மழைநீருக்கு வழி விடாவிட்டால் சுவர் பூத்துப் போகும், ஒருநாள் சாயவும் கூடும். மண்ணைத் தாங்கும் சுவரில் நீர் வடியத் துளைகள் வேண்டும், அடியில் கான் வேண்டும். கண்டி மண்சரிவு அபாயமுள்ள மாவட்டம். ஆகவே பிளானுக்குக் காசு கொடுக்கும் முன்பே தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்திடம் காணியைப் பற்றிக் கேட்டுவிடுங்கள்.

அது சரியானதும் காணியில் நாலு முளை அடித்து 10⅓ அடிக்கு 6½ அடி கயிறு கட்டுங்கள். அறைகளை அதைச் சுற்றிக் கீறச் சொல்லுங்கள்.