மலிவுக் கடிகாரமும் நான்காம் செயற்கைக்கோளும்

பத்தாயிரம் ரூபாய்த் திறன்பேசி ஒன்றினுள் நேரங்காக்கும் பொறுப்பை ஏற்றிருப்பது அரிசி மணியளவேயான ஒரு படிகத் துண்டு. பத்து இலட்சத்தில் ஒரு பங்கு பிசகுவது அதற்கு இயல்பு. காலையில் எழுப்பிவிடுவதற்கு அப்பிழை ஒரு பொருட்டன்று. ஆனால் ஒளி ஒரு நுண்நொடியில் 300 மீட்டர் கடந்துவிடும். அப்படிகத்தை மட்டும் நம்பி ஒரு செயற்கைக்கோளின் தொலைவை அளக்கப் புகுந்தால், நொடிக்கு 300 மீட்டராகப் பிழை வளர்ந்து, ஒரு நிமிடத்தில் 18 கிலோமீட்டரை எட்டும். அத்தகைய கருவிதான் தெருமுனை மருந்துக்கடையைச் சில மீட்டர் பிசகில் காட்டித் தருகிறது. இஃது எங்ஙனம் கூடிற்று?

ஜி.பி.எஸ். என நாம் வழங்கும் அமெரிக்க இடங்காட்டு முறையின் செயற்கைக்கோள்கள் ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில், ஆறு சுற்றுத்தளங்களில் பகிர்ந்து நின்று, பன்னிரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவான கால அளவில் ஒருமுறை புவியை வலம் வருகின்றன. ஒவ்வொரு கோளும் தன் அடையாளத்தையும், தன் கடிகாரம் காட்டும் நேரத்தையும், தான் எந்தப் பாதையில் எங்கிருக்கிறது என்பதையும் ஓயாது ஒலிபரப்புகிறது. நேர் உச்சியிலுள்ள கோளின் அலை நம்மை வந்தடைய 67 மில்லிநொடி ஆகும். புறப்பட்ட நேரத்துக்கும் வந்துசேர்ந்த நேரத்துக்கும் உள்ள இடைவெளியை ஒளியின் வேகத்தால் பெருக்கினால் தொலைவு கிட்டும். நீளம், அகலம், உயரம் என நம் இடத்தைக் குறிக்கும் எண்கள் மூன்று. ஆகவே மூன்று கோள்களின் தொலைவு போதும் எனத் தோன்றும். வந்துசேர்ந்த நேரத்தைக் குறிப்பது அந்த மலிவுப் படிகம் என்பதுதான் இடர்.

இவ்விடரைக் கணக்கால் வென்றார்கள். திறன்பேசியின் கடிகாரம் எவ்வளவு பிசகியிருந்தாலும், அந்தப் பிசகு எல்லாக் கோள்களின் தொலைவிலும் ஒரே அளவாகத்தான் புகும். எனவே அதையே நான்காவது அறியாக் கணியமாக வைத்து, நான்காவது கோள் ஒன்றையும் அளந்தால், நான்கு சமன்பாடுகளில் நான்கும் விடுபடும். இடம் தெரிவதோடு சரியான நேரமும் கைக்கு வருகிறது. இந்த முறைமையின் தலையாய அறிவு இதுவே என்பது என் கருத்து: செலவு முழுவதையும் வானில் ஏற்றிவிட்டு, மண்ணில் கேட்பவன் ஏழையாக இருக்க இசைந்தது. மேலே சுழலும் அணுக்கடிகாரங்கள் நாளொன்றுக்குச் சில நானோநொடியே பிசகுபவை. அவற்றுக்கும் ஐன்சுடீன் கண்ட திருத்தம் தேவைப்பட்டது. விரைந்து செல்வதால் நாளொன்றுக்கு 7 நுண்நொடி பிந்தியும், புவியீர்ப்பு குறைந்த உயரத்தில் இருப்பதால் 45 நுண்நொடி முந்தியும், கூட்டிக் கழித்தால் 38 நுண்நொடி முந்தியும் ஓடும் அவற்றை, ஏவுவதற்கு முன்பே அந்த அளவுக்கு மெதுவாக ஓடுமாறு திருத்திவிடுகிறார்கள். அதைச் செய்யாவிடின் பிழை நாளுக்குப் பதினொரு கிலோமீட்டராகப் பெருகியிருக்கும்.

இனி அலையின் வலிமையைப் பார்ப்போம். கோளிலிருந்து புறப்படும் ஆற்றல் சில பத்து வாட்டுதான். நம் கைக்கு வரும்போது, ஒரு வாட்டைக் கோடி கோடியாகப் பகுத்து, அதில் ஒரு பங்கை மீண்டும் நூறாகப் பகுத்தால் எஞ்சும் அளவே அது. திறன்பேசியின் மின்சுற்றில் வெப்பத்தால் தானாக எழும் இரைச்சல் அதைவிடப் பன்மடங்கு பெரிது. ஆயினும் ஒவ்வொரு கோளும் 1,023 துணுக்குகள் கொண்ட தனக்கே உரிய குறிவரிசையை மில்லிநொடிக்கு ஒருமுறை திருப்பித் திருப்பி அனுப்புகிறது. அவ்வரிசைகள் அனைத்தையும் சில்லு முன்னரே அறியும். திருவிழா இரைச்சலுக்கிடையே எங்கோ ஒலிக்கும் மனப்பாடமான பாட்டைக் காது பற்றிக்கொள்வதுபோல, சில்லு தன்னிடமுள்ள படியை முன்னும் பின்னும் நகர்த்திப் பொருத்திப் பார்த்து அலையை இனங்காண்கிறது.

செயற்கைக்கோள்களைப் பட்டியலிடும் இலவசச் செயலி ஒன்றை நிறுவி மொட்டைமாடியில் நின்று பார்த்தால் இது கண்கூடாகும். வட்டமான வான்படத்தில் நாட்டுக்கொடிகளோடு புள்ளிகள் தோன்றும்: அமெரிக்கா, உருசியா, ஐரோப்பா, சீனம் எனப் பல முறைமைகளின் கோள்கள். ஒவ்வொன்றின் அருகிலும் அலையின் தெளிவைச் சுட்டும் எண் ஓடும். திறந்த வானில் நல்ல கோளுக்கு அது 40ஐ ஒட்டி நிற்கும். பேசியின் மேல்விளிம்பை உள்ளங்கையால் பொத்துங்கள். எண்கள் சரசரவென இறங்கும். அலைவாங்கி பெரும்பாலும் அவ்விடத்தில்தான் ஒளிந்திருக்கிறது. வண்டியில் பேசியைப் பொருத்தும்போது தடித்த பிடியால் மேல்பகுதியைக் கவ்வவிடலாகாது என்பதற்குக் காரணமும் இதுவே.

இணையம் இல்லாவிடில் இடங்காட்டி இயங்காது என்றொரு நம்பிக்கை பரவியிருக்கிறது. திறன்பேசி கோள்களுக்கு எதையும் அனுப்புவதில்லை, கேட்பதோடு சரி. இணையம் உதவுவது வேறு இரண்டுக்கு. ஒன்று, நிலப்படம், அதை வீட்டிலேயே இறக்கி வைத்துக்கொள்ளலாம். மற்றொன்று, தொடக்க விரைவு. கோள் தன் பாதை விவரத்தை நொடிக்கு 50 பிட்டு என்னும் ஆமை நடையில் ஓதுகிறது. ஒரு சுற்று ஓதி முடிக்க 30 நொடி பிடிக்கும். இணையத்தில் இருந்தால் அதே விவரம் கைப்பேசிக் கோபுரத்தின் வழியே நொடியில் வந்துவிடும். இல்லாதபோது, ஓடும் பேருந்தின் சன்னலோரம் பேசியை நீட்டிக்கொண்டிருப்பவருக்கு மரமும் கட்டடமும் இடையிடையே மறைத்து ஓதல் அறுபடும். அறுந்தால் விட்டுப்போன பகுதிக்கு அடுத்த சுற்று வரை காத்திருக்க வேண்டும். புறப்படும் முன் திறந்தவெளியில் ஓரிரு நிமிடம் அசையாமல் நிற்பதே நல்ல வழி.

மலிவுப் பேசி உண்மையில் எங்கே தோற்கிறது? முதலாவது, திசை. பல மலிவுப் பேசிகளில் காந்தத் திசைகாட்டி இருப்பதில்லை. நிற்கும்போது நாம் எப்பக்கம் நோக்குகிறோம் என்பது அவற்றுக்குத் தெரியாது. பத்தடி நடந்தால்தான் அம்பு திரும்பும். இரண்டாவது, அலைவாங்கி. கோள்களின் அலை வலஞ்சுழியாகச் சுழன்று வருவது. சுவரில் மோதித் திரும்பும்போது பெரும்பாலும் இடஞ்சுழியாகிவிடும். நில அளவைக் கருவியின் அகன்ற அலைவாங்கி இடஞ்சுழியை ஒதுக்கவல்லது. பேசிக்குள் நெருக்கியடித்து வைத்த சிறு உலோகக் கீற்று இரண்டையும் ஒப்பவே வாங்குகிறது. உயர்ந்த கட்டடங்கள் நிறைந்த தெருவில் நம் புள்ளி எதிர்ச்சாரிக்குத் தாவுவது இதனால்தான். விலையுயர்ந்த பேசிகளுக்கும் இக்குறை உண்டென்பதைக் கடைக்காரர் சொல்லமாட்டார்.

மூன்றாவது குறை நம் தென்னாட்டுக்குத் தனிப்பட உரியது. அயனி மண்டலத்தின் மின்னணுக்கள் அலையைத் தாமதப்படுத்துகின்றன. பிற்பகலில் அத்தாமதம் பல மீட்டர் பிழையாகும். புவியின் காந்த நடுவரை இந்தியாவின் தென்முனையை ஒட்டிச் செல்கிறது. 1963இல் தும்பாவில் ஏவூர்தித் தளம் அமைத்ததற்கும், திருநெல்வேலி அருகே புவிக்காந்த ஆய்வகம் இயங்குவதற்கும் அதுவே காரணம். இவ்வரையின் மேல் பகலில் மின்னணுக்கள் உயரத் தூக்கப்பட்டு இருமருங்கும் பொழிகின்றன. ஞாயிற்றின் சீற்றம் மிகுந்த ஆண்டுகளில், பொழுது சாய்ந்தபின் அம்மண்டலத்தில் குமிழிகள் எழுந்து அலைகளை மினுங்கச் செய்கின்றன. தாமதம் அதிர்வெண்ணின் இருமடிக்கு எதிர்விகிதமாக மாறுவது. 1575.42 மெகாஹெர்ட்சு கொண்ட எல்1 அலையைவிட 1176.45 கொண்ட எல்5 அலை 1.8 மடங்கு தாமதப்படும். இரண்டையும் கேட்கும் பேசி, வேறுபாட்டிலிருந்தே தாமதத்தைக் கணித்துக் கழித்துவிடும். மினுங்கலுக்கு மட்டும் இம்மருந்து பலிக்காது. 2018இல் ஒரு சில பேசிகளில் புகுந்த இவ்விரட்டை அலைத் திறன் மெல்லக் கீழிறங்கி வருகிறது. எல்1 மட்டும் கேட்கும் மலிவுப் பேசிகளுக்கோ, கோள்கள் அனுப்பும் எட்டு எண்களைக் கொண்டு போடும் தோராயக் கணக்கே கதி. அது பிழையில் ஏறத்தாழப் பாதியைத்தான் நீக்கும்.

நம் நாட்டு நேவிக் முறைமை இங்கேதான் ஒரு சிக்கலில் மாட்டியது. 2013இல் ஏவத் தொடங்கிய அதன் முதல் தலைமுறைக் கோள்கள் எல்5, எசு என்னும் அலைவரிசைகளிலேயே ஒலித்தன. நுட்பத்தால் அது தவறான தேர்வன்று. ஆனால் மலிவுச் சில்லுகள் அனைத்துக்கும் பொதுவாக இருந்தது எல்1 ஒன்றே. நம் தலைக்கு மேலேயே நின்ற கோள்களின் குரல் மக்கள் கையிலிருந்த பெரும்பாலான பேசிகளுக்கு எட்டவில்லை. 2023 மே மாதம் ஏவிய என்.வி.எஸ்.-01 கோளில்தான் எல்1 அலையும், உள்நாட்டிலேயே உருவான ருபிடியம் அணுக்கடிகாரமும் இடம்பெற்றன. 2025 சனவரியில் சென்ற என்.வி.எஸ்.-02, அடைப்பிதழ் திறக்காததால் உரிய சுற்றுப்பாதைக்கு உயர முடியாமல் நின்றது. புதிய பேசி வாங்குவோர், வான்படச் செயலியைத் திறந்து இந்தியக் கொடி தாங்கிய புள்ளிகளுக்கு எதிரே எண்கள் ஓடுகின்றனவா, எல்5 நிரல் நிரம்புகிறதா என்று கடை வாசலிலேயே பார்த்துவிடலாம்.