பஸ் நிக்காது பாஸ்!

செமஸ்டர் லீவுக்கு ஃப்ரெண்ட்ஸோட ஃபாரின் போகணும்னு உங்க கேங்லயும் ஒரு பிளான் ஓடிட்டுத்தானே இருக்கு? தாராளமா போங்க. ஆனா, ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்கு பஸ்ஸில் போற ஐடியா இருந்தா, இதைப் படிச்சுட்டு டிக்கெட் போடுங்க. நாங்க படிக்காம போய் முழிச்சவங்க!

நாங்கன்னா நாலு பேர். கஞ்சன், சோடாபுட்டி, கும்பகர்ணன், அப்புறம் நான். பட்டப்பெயர்கள் எல்லாம் தகுதி அடிப்படையில் வழங்கப்பட்டவை. திருச்சியிலிருந்து கோலாலம்பூருக்கு விமானம், திரும்புறது சிங்கப்பூரிலிருந்து. நடுவில் இருக்கிற சுமார் 350 கிலோமீட்டரும் பஸ்! கஞ்சன் கணக்குப் போட்டு அதுதான் சீப்னு சொன்னான், அவ்வளவுதான். மலேசியாவுக்கு 2023 டிசம்பரிலிருந்து நமக்கு 30 நாள் வரை விசா வேண்டாம். சிங்கப்பூருக்குக் கட்டாயம் முன்கூட்டியே விசா வாங்கணும். வாங்கிட்டோம்.

கோலாலம்பூரில் தெற்கே போற பஸ் எல்லாம் கிளம்புற 'டி.பி.எஸ்.' நிலையம் அசல் ஏர்போர்ட் மாதிரியே இருக்கு. கேட் நம்பர், டிஸ்ப்ளே போர்டு, எல்லாம் உண்டு. எங்க பஸ்ஸில் ஒரு வரிசைக்கு மூணே சீட். சாய்ஞ்சா கட்டில்! வில்லன் ஏசிதான். ஸ்வெட்டரை லக்கேஜில் போட்டு டிக்கியில் பூட்டின புத்திசாலிகள் நாங்க. பாதி வழியில் ஹைவே ஓரமா நிறுத்தினாங்க. 'தே தாரிக்' குடிச்சோம். நம்ம டீக்கடை மாஸ்டர் தூக்கி ஆத்துற அதே டீ, பேர்தான் மலாய். கடைக்கார அண்ணன், "ஊர்லேருந்தா தம்பி?"ன்னு கேட்டு ஆளுக்கு ரெண்டு பிஸ்கட் ஓசியில் கொடுத்தார். கஞ்சன் அன்னிக்குத்தான் முதல்முறையா சிரிச்சான்!

ஜோகூர் பாருதான் மலேசியாவின் கடைசி ஊர். இங்கே இறங்கி, பாஸ்போர்ட்டில் 'போயிட்டு வாங்க'ன்னு அனுமதி வாங்கிட்டு மறுபடி பஸ் ஏறணும். அடுத்து கடலுக்கு நடுவே ஒரு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே நீளும் தரைப்பாலம். 1924-ல் திறந்தது. ஜப்பான் படை வந்துடக் கூடாதுன்னு 1942 ஜனவரி 31-ல் பிரிட்டிஷ்காரங்களே இதில் ஒரு பகுதியை வெடிவெச்சுத் தகர்த்தாங்க. அப்படியும் ஜப்பான் வந்துடுச்சு! இப்போ தினமும் ஜோகூரில் தூங்கி சிங்கப்பூரில் வேலை பார்க்கிற ஜனங்க பைக்கில் ஈசல் மாதிரி பறக்கிறாங்க. சிங்கப்பூருக்குள்ளே சூயிங்கம் கொண்டுபோகத் தடைங்கிறதால சோடாபுட்டி பாக்கெட்டைப் பிரிச்சான். பாலம் முடியறதுக்குள்ளே நாலு பேரும் வாய் வலிக்க மென்னு தீர்த்தோம்.

அந்தக் கரையில் உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடி. இங்கே மூட்டை முடிச்சோட இறங்கணும். பஸ் அந்தப் பக்கம் போய்க் காத்திருக்கும். எவ்வளவு நேரம்? "இருபது நிமிஷம்"னு விரலைக் காட்டிட்டு டிரைவர் போயிட்டார்.

சிங்கப்பூருக்கு விசா இருந்தா மட்டும் போதாது. வர்ற நாளையும் சேர்த்து மூணு நாளுக்குள்ளே ஆன்லைனில் வருகை அட்டை பூர்த்தி பண்ணணும். அரசாங்க தளத்தில் அது இலவசம். காசு கேட்கிற போலி சைட்டில் மாட்டிக்காதீங்க. முந்தின ராத்திரி நாலு பேருக்கும் நான்தான் பூர்த்தி பண்ணினேன். காரணம், நாலு பேருக்கும் சேர்த்து ஒரே சிம்தான் வாங்கியிருந்தோம் (கஞ்சன் ஐடியா!). அது என் போனில் இருந்தது. மத்தவங்க என் ஹாட்ஸ்பாட்டில் காலம் தள்ளினாங்க. கும்பகர்ணன் வழக்கம்போல தூங்கிட்டிருந்தான். அவன் பாஸ்போர்ட்டைப் பார்த்து நானே நம்பரை அடிச்சேன். தப்பா!

நாங்க மூணு பேரும் வெளியே வந்துட்டோம். அவனை மட்டும் ஓரமா நிறுத்திட்டாங்க. அவன்கிட்டே நெட் கிடையாது. கூப்பிட்டாலும் லைன் போகாது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தலை கூடத் தெரியலை.

பதினெட்டாவது நிமிஷம் டிரைவர் வாட்ச்சைக் காட்டினார். கெஞ்சினோம். பஸ்ஸுக்குள்ளேருந்து இருபது பேர் முறைச்சாங்க. அவங்களைத் தப்பு சொல்ல முடியாது, அவங்களுக்கும் வேலை இருக்கு. சோடாபுட்டி, "ரெண்டு பேர் போவோம், ஒருத்தன் நிக்கட்டும்"னான். கஞ்சன் என்னைப் பார்த்து, "நீதானே தப்பா அடிச்சே? நீ நில்லு"ன்னு பட்டுன்னு சொல்லிட்டான். அவன் சொன்னதில் ஒரு எழுத்துகூடத் தப்பில்லை. அதனாலதான் சுருக்குன்னு இருந்தது. நாலு வருஷ ஹாஸ்டல் சண்டையில் இப்படி எதுவும் வலிச்சதில்லை. 'சரிடா, போங்க'ன்னு சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதுக்குள்ளே பஸ் படியில் ஒரு கால் வெச்சிருந்த கஞ்சன், இறங்கிவந்து என் பக்கத்தில் பையைப் பொத்துன்னு போட்டான். ஒண்ணும் பேசலை. சோடாபுட்டியும் இறங்கினான். பஸ் போயே போச்சு!

நாற்பது நிமிஷம் கழிச்சு வந்தான் கும்பகர்ணன். உள்ளே ஒரு தமிழ் ஆபீஸர், "பார்த்து அடிக்கக் கூடாதா தம்பி?"ன்னு கடிஞ்சு, அட்டையை மறுபடி பூர்த்தி பண்ணவெச்சு அனுப்பியிருக்கார். வெளியே நாங்க மூணு பேரும் பைமேல உட்கார்ந்திருக்கிறதைப் பார்த்துட்டு, "பஸ் எங்கடா?"ன்னு கேட்டான்.

"அதில் ஏசி ஜாஸ்திடா"ன்னான் கஞ்சன்.

இனி உங்களுக்கு. பஸ் போயிட்டா உலகம் இருண்டுடாது. உட்லண்ட்ஸிலிருந்தே 170-ம் நம்பர் டவுன் பஸ் குவீன் ஸ்ட்ரீட் வரை போகுது, லிட்டில் இந்தியா பக்கம்தான். ஏறும்போதும் இறங்கும்போதும் கார்டைத் தட்டணும், ஒரே கார்டில் நாலு பேர் போக முடியாது. இறங்குறதுக்கு முன்னாடி உங்க பஸ் நம்பர் பிளேட்டை போனில் படம் எடுத்துக்கோங்க. ஒரே கலரில் பத்து பஸ் நிக்கும். அப்புறம், ஆளுக்கு ஒரு சிம்! உங்க பாஸ்போர்ட் நம்பரை நீங்களே அடிங்க, பாஸ்.

ராத்திரி ரூமில் கஞ்சன் கணக்கு நோட்டை எடுத்தான். 170 பஸ் செலவை எழுதினான். நாலு பேரோடதும் என் பேருக்கு நேரே!