வரைபடம் போடுமுன் ஒரு வார்த்தை கேளுங்கள்

சேரி என்று பிறர் சொல்லும் கொழும்புத் தோட்டங்களில், மக்களைக் கேட்டே வீடமைப்பைத் திட்டமிட்ட காலமும் இருந்தது. 1984இல் தொடங்கிய பத்து இலட்சம் வீடுகள் திட்டத்தில், தேசிய வீடமைப்பு அபிவிருத்தி அதிகார சபையின் அதிகாரிகள் தோட்டத்துக்கே போய் மக்களோடு உட்கார்ந்தார்கள். பாதை எவ்வளவு அகலம், குழாய் எங்கே, எல்லைக்கல் எங்கே என்பதெல்லாம் அங்கேயே பேசி முடிவானது. ஒரு குடும்பத்துக்குக் கிடைத்தது இரண்டு பேர்ச்சஸ் அளவிலான சிறு துண்டுதான். ஆனால் அதில் எப்படிக் கட்டுவது என்ற விதியை வகுத்ததில் அவர்களுக்கும் பங்கிருந்தது. வடிகான், கிணறு போன்ற சிறு வேலைகளைக்கூடத் தோட்டத்துச் சங்கங்களிடமே ஒப்படைத்தார்கள். சண்டை சச்சரவு இல்லாமலா நடந்திருக்கும்? இருந்தாலும், பேசிய பிறகுதான் கல் நட்டார்கள்.

2010க்குப் பின் எழுந்த தொடர்மாடிகளில் இந்த வரிசை தலைகீழானது. கட்டடம் முதலில், குடும்பங்கள் பிறகு. பலருக்கு எந்த மாடி என்பதையும் சீட்டுக் குலுக்கலே தீர்மானித்தது. பன்னிரண்டாம் மாடியிலிருந்து ஜனாஸாவை எப்படி இறக்குவது? வாசலில் இடியப்பம் அவித்து விற்றவர் இனி எங்கே அடுப்பு மூட்டுவது? வரைபடம் மேசையில் இருந்தபோதே ஒரு தாயிடம் கேட்டிருந்தால் ஐந்து நிமிடத்தில் சொல்லியிருப்பார்.

நகர அபிவிருத்தித் திட்ட வரைபுகள் பொதுமக்களின் ஆட்சேபனைக்காகக் காட்சிக்கு வைக்கப்படுகின்றன. நமது பள்ளிவாசல் நிர்வாகிகளில் எத்தனை பேர் அவற்றைப் போய்ப் பார்த்திருக்கிறார்கள்?