பிடிக்கிறவனின் கணக்கு: அன்றும் இன்றும்

கபடியில் பாடிப் போகிறவனை ஊரே அறியும். நடுக்கோட்டைத் தாண்டி, ஒருவனைத் தொட்டு, மூச்சு அறுபடுவதற்குள் திரும்பி விழுகிறவனுக்குத்தான் கைதட்டல். அவனை மடக்கிய கோர்னர்க்காரனின் பெயரை மறுநாள் தேநீர்க்கடையில் கேட்டால், "அந்த உயரமான பொடியன்" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். நிந்தவூர் இலங்கைத் தேசிய அணிக்குக் கபடி வீரர்களைத் தந்த ஊர். அங்கேயும் பாடியவர்களின் கதைகள்தான் வாய்வழியாக நிலைத்திருக்கின்றன. பிடித்தவர்களின் கதைகள் குறைவு.

அமெரிக்க உதைபந்தாட்டத்திலும் இதே நிலையில் ஐந்து பேர் இருக்கிறார்கள். பந்தை எறிகிறவருக்கு முன்னால் வரிசையாக நின்று, பாய்ந்து வருகிற எதிரணியை உடம்பால் தடுப்பது மட்டுமே அவர்கள் வேலை. வழக்கமான ஆட்டத்தில் பந்தை எறிவதோ ஏந்தி ஓடுவதோ அவர்கள் பங்கில் இல்லை. தவறு செய்தால் மட்டும் நடுவர் அவர்களுடைய இலக்கத்தைச் சொல்லி அழைப்பார். இரண்டு ஆட்டங்களிலும் தாங்கிப் பிடிக்கிறவனின் வாழ்வு எப்படி மாறியது என்பதைப் பார்த்தால், நமக்கு இன்னும் வந்து சேராதது எது என்று விளங்கும்.

அன்று

கல்முனைக் கரையோரத்தில் கபடிக்கு முன்பு தனி மைதானம் தேவைப்படவில்லை. அறுவடை முடிந்த வயல், கடற்கரை மணல், பள்ளிக்கூட வளவு, எது கிடைத்தாலும் போதும். கல்லும் சிப்பியும் பொறுக்கி, கோடு கீறி, வெறுங்காலோடு இறங்குவார்கள். வயல் வேலை, மீன்பிடி, மருதமுனையில் தறி என்று பகல் முழுக்க உழைத்த உடம்புகள் அஸருக்குப் பின் ஆடுகளத்தில் நிற்கும். பெருநாளையொட்டிய சுற்றுப்போட்டிகளுக்கு ஊர் திரளும். யுத்த காலத்தில் இருட்டுவதற்குள் ஆட்டத்தை முடித்துவிட்டு வீடு போய்ச் சேர வேண்டும். 2004 டிசம்பர் 26ஆம் திகதி வந்த கடல், இலங்கையிலேயே அதிக உயிர்களை அம்பாறை மாவட்டத்தில்தான் கொண்டுபோனது. 10,000க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். கரையோர ஆடுகளங்களோடு அவற்றில் ஆடியவர்களும் போனார்கள்.

அந்தக் காலத்துப் பிடி எளிதான வேலையல்ல. போனஸ் புள்ளிக்கு வருகிறவன் ஒரு காலைக் கோட்டுக்கு அப்பால் ஊன்றும்போது மறு கால் காற்றில் இருக்க வேண்டும். உடம்பு முழுவதும் ஒற்றைக் காலில் நிற்கிற அந்த நொடிக்காகத்தான் கோர்னர்க்காரன் காத்திருக்கிறான். அவன் வருகிறவனின் முகத்தைப் பார்ப்பதில்லை. இடுப்பையும் காலையும்தான் பார்க்கிறான். கால் ஊன்றியதும் குனிந்து, கணுக்காலை இரு கையாலும் கோத்து, நெஞ்சோடு இழுத்து, கரைவலை இழுக்கிறவனைப் போலக் குதியை மண்ணில் புதைத்துக்கொள்கிறான். பக்கத்தில் நிற்கிற கவர்க்காரன் அதே கணத்தில் பாய்ந்து நடுக்கோட்டுப் பக்கத்தை மறைக்காவிட்டால், அந்தப் பிடி நிற்காது. இத்தனையும் செய்தவனுக்குக் கிடைத்தது முழங்காலில் தழும்பு. புள்ளி அணியின் பெயரில் ஏறும். யார் பிடித்தார் என்று தாளில் எழுத இடமே இருக்கவில்லை.

அமெரிக்காவிலும் அன்று இதுதான். அவர்களுடைய தேசிய லீக் 1920இல் தொடங்கியது. வரிசையின் நடுவில் நின்ற சக் பெட்னரிக் தடுப்பிலும் தாக்குதலிலும் மாறி மாறி ஆடி, 1960இல் ஃபிலடெல்ஃபியா அணிக்குச் சம்பியன் பட்டம் பெற்றுக் கொடுத்தார். ஆட்டமில்லாத மாதங்களில் அவர் கொங்கிரீட் விற்றார். அவர்களுடைய புகழ் மண்டபம் 1963இல் திறக்கப்பட்டது. பந்து எறிகிறவரைக் காப்பதையே முழுநேர வேலையாகச் செய்த ஒருவர், பால்டிமோர் அணியின் ஜிம் பார்க்கர், அதற்குள் நுழைய 1973 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இன்று

மாற்றம் அமெரிக்காவில் ஒரு விபத்தோடு வேகம் பிடித்தது. 1985 நவம்பரில் வாஷிங்டன் அணியின் ஜோ தைஸ்மனுடைய கால், தொலைக்காட்சி நேரலையில் முறிந்தது. பந்து எறிகிறவர் ஒருவரை இழந்தால் அணிக்கு என்ன ஆகும் என்பதை எல்லோரும் பார்த்தார்கள். அவருடைய பார்வை எட்டாத பக்கத்தைக் காக்கிறவருக்கு விலை ஏறியது. 1993இல் வீரர்கள் அணி மாறும் உரிமை பெற்றதும் அந்த விலை சம்பளமாக மாறியது. சிட்னியில் ரக்பி லீக் ஆடிய ஜோர்டான் மைலாட்டா, ஓர் அமெரிக்க உதைபந்தாட்டப் போட்டிகூட ஆடாமலேயே 2018இல் ஃபிலடெல்ஃபியா அணிக்குத் தெரிவானார். 2024இல் 3 ஆண்டுகளுக்கு 6 கோடி 60 இலட்சம் டொலர் ஒப்பந்தம் பெற்றார். 2025இல் சம்பியன் அணியில் நின்றார்.

கபடியில் மாற்றம் 2014இல் இந்தியாவின் புரோ கபடி லீக்கோடு வந்தது. முதல் ஏலத்தில் மிக உயர்ந்த விலை ராகேஷ் குமாருக்குக் கிடைத்த 12.80 இலட்சம் இந்திய ரூபா. 2018இல் முதன்முதலாக 1 கோடியைத் தொட்டவர் பாடுகிறவர் அல்லர், ஈரானைச் சேர்ந்த இடது கோர்னர் ஃபசல் அத்ராசலி. 2023இல் இன்னோர் ஈரானியரான ஷாட்லூயிக்குப் புனே அணி 2.35 கோடி கொடுத்தது. அவர் நின்ற புனே அணி அந்தப் பருவத்தில் கிண்ணம் வென்றது. அடுத்த பருவத்தில் அவர் ஹரியானாவுக்குப் போனார். கிண்ணமும் அங்கே போனது. 1990 முதல் ஏழு ஆசிய விளையாட்டுத் தங்கங்களைத் தொடர்ந்து வென்ற இந்தியாவை 2018இல் ஜகார்த்தாவில் 27–18 என்று ஈரான் வீழ்த்தியதும் பிடியின் பலத்தால்தான்.

இரண்டு காலத்தையும் ஒரே உடம்பில் பார்க்க விரும்புகிறவர்கள் தஞ்சாவூர் மாவட்டத்துத் தர்மராஜ் சேரலாதனைப் பார்க்கலாம். 1975இல் பிறந்த கோர்னர் வீரர். மண் தரையில் ஆடி வளர்ந்தவர். லீக் தொடங்கும்போது வயது 39. மற்றவர்கள் ஓய்வுபெறும் வயதில் அவருக்குக் கதவு திறந்தது. 2016இல் பட்னா அணியின் தலைவராகக் கிண்ணம் வென்றார். அதே ஆண்டு அஹமதாபாத்தில் உலகக் கிண்ணம் வென்ற இந்திய அணியிலும் இருந்தார். 44 வயதிலும் ஹரியானாவுக்குத் தலைமை தாங்கினார். பிறகு தமிழ் தலைவாஸ் அணிக்குப் பயிற்றுநரானார். அவருடைய தலைமுறையில் அவரளவு திறமையோடு மண்ணிலேயே முடிந்துபோனவர்கள் எத்தனை பேர் என்பதை நினைத்தால் மனம் கனக்கிறது.

இந்த ஏற்றத்துக்கு விளம்பரமும் தொலைக்காட்சியும் காரணங்கள்தான். ஆனால் அவற்றுக்குள் இன்னொரு காரணம் இருக்கிறது. அந்த லீக்கில் ஒவ்வொரு பிடியும் பிடித்தவனின் பெயரில் எழுதப்படுகிறது. மூவரோ அதற்குக் குறைவானவரோ நிற்கும்போது பிடித்தால் மேலதிகப் புள்ளி. 500 பிடிப் புள்ளிகளைக் கடந்த முதல் ஆள் ஃபசல் என்று இன்று ஒரு சிறுவனால் சொல்ல முடிகிறது. பெயர் கணக்கில் ஏறியது, அதன் பின்தான் விலை ஏறியது.

உடம்பின் விலையையும் மறக்கக் கூடாது. அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் அணியோடு நான்கு சம்பியன் பட்டம் வென்ற மைக் வெப்ஸ்டர் வரிசையின் நடுவில் நின்றவர். 2002இல் 50 வயதில் இறந்தார். நைஜீரியாவில் பிறந்த மருத்துவர் பென்னட் ஒமாலு அவருடைய மூளையை ஆராய்ந்தபோது, ஆண்டுக்கணக்காகத் தலையில் விழுந்த அடிகளின் சேதம் தெரியவந்தது. தாங்குகிறவனுக்கு வரும் காயம் பெரும்பாலும் ஒரே நாளில் வருவதில்லை. சிறுகச் சிறுகச் சேர்கிறது. கபடிப் பிடிகாரனின் தோளுக்கும் முழங்காலுக்கும் இது பொருந்தும்.

நம்முடைய கரை

இலங்கை வீரர்களும் புரோ கபடியில் இடம்பெற்றிருக்கிறார்கள். கதவு இருக்கிறது. ஆனால் லீக் ஆடப்படுவது செயற்கை விரிப்பில், காலணியோடு. மண்ணில் குதியைப் புதைத்துப் பழகிய கால் விரிப்பில் வழுக்கும். முதலில் அந்தப் பழக்கத்தை மாற்ற வேண்டும். விரிப்பு, பயிற்றுநர், விளையாட்டு மருத்துவர் என்று கேட்க வேண்டியவை பல. அவற்றை விளையாட்டு அமைச்சிடமும் உள்ளூராட்சி சபைகளிடமும் தொடர்ந்து கேட்போம்.

அதுவரை காத்திருக்கத் தேவையில்லாத ஒரு வேலை நம் கையில் இருக்கிறது. அடுத்த பெருநாள் சுற்றுப்போட்டியில் புள்ளித்தாளில் இன்னொரு நிரலைக் கீறுங்கள். எந்த நிமிடத்தில், எந்தப் பிடியில், யார் மடக்கினார் என்று பெயரோடு எழுதுங்கள். சிறந்த பிடிக்கென்று ஒரு கிண்ணம் வையுங்கள். பாடசாலைப் போட்டிகளிலும் அப்படியே செய்யுங்கள். மூன்று ஆண்டுகள் இதைச் செய்தால், தேசியத் தெரிவுக்குப் போகிற நிந்தவூர்ப் பொடியனின் கையில் ஒரு சாட்சி இருக்கும். சேரலாதன் 39 வயது வரை காத்திருந்தார். நம் பிள்ளைகளை அவ்வளவு காலம் காக்க வைக்க வேண்டியதில்லை. இதற்குத் தேவை ஒரு பேனாவும், அதைப் பிடிக்க மனமுள்ள ஒருவரும்தான்.