கொட்டாங்குச்சியில் மொண்ட ஒளி

தை அமாவாசைக்கு ஊரே ராமேஸ்வரத்துக்கும் வேதாரண்யத்துக்கும் போய்க்கொண்டிருக்க, நானும் நண்பரும் ஜவ்வாது மலை அடிவாரத்தில் ஒரு மல்லாட்டைக் கொல்லையின் வரப்பில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். முன்னால் மூன்று கால் ஸ்டாண்டில் சின்னதாக ஒரு தொலைநோக்கி. அதன் முதுகில் கேமரா. கீழே கார் பேட்டரி. பக்கத்தில் சிவப்பு ஜெலட்டின் தாள் ஒட்டிய லேப்டாப். வெள்ளை வெளிச்சம் ஒருமுறை கண்ணில் பட்டால், இருட்டுக்குப் பழகக் கண்ணுக்கு மறுபடியும் அரைமணி நேரம் வேண்டும்.

நாங்கள் எடுக்க வந்த படத்துக்கு நிலா இல்லாத இரவு வேண்டும், மழை விட்டிருக்க வேண்டும், ஓரியன் என்கிற வேட்டைக்காரன் நட்சத்திரக் கூட்டம் உச்சியில் நிற்க வேண்டும். மூன்றும் சேர்வது தையிலும் மாசியிலும்தான். ஐப்பசி, கார்த்திகை முழுக்க வடகிழக்குப் பருவமழை எடுத்துக்கொண்டுவிடும். மார்கழி இன்னும் வேடிக்கை. வேட்டைக்காரனின் தோளில் செக்கச்செவேலென்று இருக்கிறதே, அதுதான் நம் திருவாதிரை. சிதம்பரத்தில் ஆருத்ரா தரிசனம் நடக்கும் நாளில் ஏறக்குறைய முழுநிலா அதற்குப் பக்கத்திலேயே நின்று வானத்தைக் கழுவிவிட்டதுபோல் ஆக்கிவிடும். கோயிலுக்கு உகந்த நாள், எங்களுக்கு ஆகாத நாள்.

வேட்டைக்காரன் இடுப்பில் வரிசையாக மூன்று நட்சத்திரங்கள். அவற்றுக்குக் கீழே வாள்போல் தொங்கும் சின்ன வரிசையில் நடுவில் இருப்பதை உற்றுப் பார்த்தால், அது நட்சத்திரம் மாதிரி இருக்காது. கண்ணாடியில் மூச்சு பட்டால் படியுமே, அப்படி ஒரு மங்கல். வால்நட்சத்திரம் தேடிக்கொண்டிருந்த பிரெஞ்சுக்காரர் சார்ல் மெஸ்ஸியே, தன்னை ஏமாற்றும் மங்கல்களுக்கு ஒரு பட்டியல் போட்டார். அதில் இது 42-ஆவது. எங்கள் ஆட்களுக்குள் பேச்சு வழக்கில் எம் 42. பெரிய பெயர், ஓரியன் நெபுலா. நெபுலா என்றால் விண்மேகம்.

கண்ணுக்கு அவ்வளவுதான். தொலைநோக்கி வழியாகப் பார்த்தாலும் சாம்பல் நிறம். நல்ல இருட்டில் லேசாகப் பச்சை ஓடுகிற சாம்பல். முதல்முறை எட்டிப் பார்க்கிறவர்கள் முகத்தில் வரும் ஏமாற்றத்தை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். பத்திரிகை அட்டையில் பார்த்த ரோஜா நிறம் எங்கே என்பார்கள். தப்பு நெபுலாவின் மேல் இல்லை. மங்கிய ஒளியில் நம் கண் நிறம் பிரிக்காது. வந்த ஒளியைச் சேர்த்து வைக்கவும் அதற்குத் தெரியாது. நொடிக்கு நொடி துடைத்துவிட்டுப் புதிதாகப் பார்க்கும். கேமரா துடைக்காது.

பதினொரு மணிக்கு த்ரீ பேஸ் கரண்ட் வந்தது. மோட்டார் போட வந்த கொல்லைக்காரர், எங்களைப் பார்த்ததும் டார்ச்சை நேராக லென்ஸுக்குள் அடித்தார். முப்பத்தேழாவது படம் போயிற்று. பக்கத்தில் வந்து திரையை எட்டிப் பார்த்தார். கறுப்பு. அதில் சில வெள்ளைப் புள்ளிகள், நடுவில் ஒரு சாம்பல் கீற்று.

“இதுக்கா தம்பி மெட்ராஸ்லருந்து வந்தீங்க? ஒண்ணுமே தெரியலையே.”

ஒரு நிமிடத்துக்கு ஒரு படம், இப்படி நூறு படத்துக்கு மேல் எடுத்து எல்லாவற்றையும் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்குவோம் என்று நண்பர் விளக்கினார். நட்சத்திரம் எல்லாப் படத்திலும் அதே இடத்தில் இருக்கும். கேமரா தானாக உண்டாக்கும் புள்ளிகளும் பொரிகளும் படத்துக்குப் படம் இடம் மாறும். அடுக்கும்போது அசல் கூடிக்கொண்டே போகும், இரைச்சல் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு அடங்கும். நூறு படம் அடுக்கினால் பத்து மடங்கு தெளிவு. இருநூறு மடங்கு வேண்டுமென்றால் நாற்பதாயிரம் படம். வர்க்கமூலக் கணக்கு. பெரியவர் வர்க்கமூலத்தைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

“கோடையில செய்யாத்து மணல்ல ஊத்து தோண்டி, கொட்டாங்குச்சியால மொண்டு மொண்டு குடம் ரொப்புவோமே, அது மாதிரியா?”

அது மாதிரிதான். நாலு வருடமாக நான் எல்லோருக்கும் சொல்ல முயன்று தோற்றுக்கொண்டிருந்தது, மோட்டார் போட வந்தவர் வாயிலிருந்து வந்தது.

இந்த எம் 42-ஐ முதன்முதலில் இப்படி மொண்டவர் ஒரு டாக்டர். 1880 செப்டம்பர் 30 அன்று, நியூயார்க் பக்கத்தில் ஹேஸ்டிங்ஸ்-ஆன்-ஹட்சனில் தன் சொந்த ஆய்வுக்கூடத்தில், 11 அங்குலத் தொலைநோக்கியில் கண்ணாடித் தகட்டை மாட்டி 51 நிமிடம் திறந்து வைத்தார் ஹென்றி டிரேப்பர். வானத்தின் ஒரு நெபுலா படத்தில் விழுந்தது அதுவே முதல்முறை. இரண்டு வருடத்தில், 45 வயதில் இறந்துபோனார். அவர் மனைவி கொடுத்த பணத்தில் ஹார்வர்டில் நடந்த வேலைதான், இன்றும் நட்சத்திரங்களுக்கு எண் சொல்லும் ஹென்றி டிரேப்பர் பட்டியல். 1883-இல் லண்டன் ஈலிங்கில் ஆண்ட்ரூ ஐன்ஸ்லி காமன் என்ற இன்ஜினியர், 36 அங்குல ஆடியை வைத்து அதே நெபுலாவை எடுத்தார். எந்தத் தொலைநோக்கியில் கண்ணை வைத்துப் பார்த்தாலும் தெரியாத நட்சத்திரங்கள் அந்தத் தகட்டில் இருந்தன. கண்ணைவிட ரசாயனம் பூசிய கண்ணாடி அதிகம் பார்க்கும் என்று உலகம் ஒப்புக்கொண்டது அன்றைக்குத்தான். ஆண்ட்ரோமெடா கேலக்ஸியின் சுருள் வடிவத்தை 1888-இல் படத்தில் பிடித்த ஐசக் ராபர்ட்ஸ், கட்டட கான்ட்ராக்டர். மூன்று பேருக்குமே வானம் பிழைப்பு இல்லை.

எனக்கு மிகப் பிடித்த ஆள் இவர்கள் யாரும் இல்லை. எட்வர்ட் எமர்சன் பர்னார்ட். அமெரிக்காவின் நாஷ்வில்லில், பிறக்குமுன்பே தகப்பனை இழந்த ஏழைப் பையன். ஒன்பது வயதுகூட நிரம்பாதபோது ஒரு போட்டோ ஸ்டூடியோவில் வேலைக்குச் சேர்த்தார்கள். அந்த ஸ்டூடியோ மாடியில் ‘ஜூபிடர்’ என்று பெயர் வைத்த ராட்சத எந்திரம் ஒன்று இருந்தது. படத்தைப் பெரிதாக்கும் கருவி. மின்விளக்கு இல்லாத காலம் என்பதால் வெயில்தான் அதற்கு வெளிச்சம். சூரியன் நகர நகர, சக்கரத்தைத் திருப்பி எந்திரத்தின் முகத்தை அதன் பக்கமே வைத்திருக்க வேண்டும். பையனுக்கு அதுதான் வேலை. அதற்குமுன் வந்த பையன்கள் தூங்கிவிடுவார்களாம். இவன் தூங்கவில்லை.

வளர்ந்து, மலைமேல் இருந்த லிக் வான ஆய்வுக்கூடத்துக்குப் போன பர்னார்ட், 1889-இல் பால்வீதியைப் படமெடுக்கத் தொடங்கியபோது செய்ததும் அதே வேலை. லென்ஸ்கூட ஸ்டூடியோ லென்ஸ்தான். முன்பு மனிதர்களின் முகத்தை எடுத்துக்கொண்டிருந்த ஆறு அங்குலக் கண்ணாடி. குறுக்குக் கம்பிகள் வெட்டும் இடத்தை விட்டு வழிகாட்டி நட்சத்திரம் ஒரு மயிரிழை விலகினாலும் கையால் திருகிச் சரிசெய்தபடி, மலைக்குளிரில் மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பார். சூரியனுக்குப் பதில் நட்சத்திரம். பால்வீதி படங்களில் கறுப்புக் கறுப்பாகத் தெரிந்தவை வானத்தில் விழுந்த ஓட்டைகள் என்று முதலில் நினைத்தவர், பல வருடத் தகடுகளைப் பார்த்த பிறகே, பின்னால் இருக்கும் ஒளியை மறைத்து நிற்கும் தூசிமேகங்கள் அவை என்று ஏற்றுக்கொண்டார். அவருடைய பால்வீதி படத்தொகுப்பில் 51 படங்கள். ஒட்டியவை அச்சு அல்ல, அசல் போட்டோ பிரதிகள். 700 படிகளுக்குமாக 35,700 பிரதிகள். ஒவ்வொன்றையும் அவரே கையில் எடுத்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்தார். 1923-இல் காலமானார்; தொகுப்பு வெளிவந்தது 1927-இல்.

பர்னார்டின் கை செய்ததை இப்போது ஒரு மோட்டார் செய்கிறது. பூமி மணிக்கு 15 டிகிரி சுழல்கிறது. அதே வேகத்தில் தொலைநோக்கி எதிர்ப்பக்கம் திரும்ப வேண்டும். அதற்கு அதன் அச்சு துருவ நட்சத்திரம் பக்கம் சரியாக நிமிர்ந்திருக்க வேண்டும். இங்கேதான் நமக்கு ஒரு சோதனை. துருவ நட்சத்திரம் ஒரு ஊரில் எத்தனை டிகிரி உயரத்தில் தெரியும் என்றால், அந்த ஊரின் அட்சரேகை எவ்வளவோ அவ்வளவு. டிரேப்பருக்கு 41 டிகிரி. எங்கள் கொல்லையில் பன்னிரண்டரை. கன்னியாகுமரியில் எட்டு. அடிவான மூட்டத்துக்கும் புளியமரத்துக்கும் நடுவில் அதைத் தேடியே முதல் ஒரு மணி நேரம் போய்விடும். அதற்கு ஈடாக, நியூயார்க்காரர் அண்ணாந்து பாதியில் பார்க்கும் எம் 42 நமக்குத் தலைக்கு மேலேயே வந்துவிடுகிறது. காற்றின் தடிமன் குறைவு, கலங்கல் குறைவு.

எல்லாம் சரியாக அமைந்தும் கெடுத்துக்கொள்ள வழிகள் உண்டு. போன வருடம் ஆடி வைத்த தொலைநோக்கியில் நான்கு மணி நேரம் எடுத்தேன். நடுவில் குளிரில் உலோகம் சுருங்கி ஃபோகஸ் நகர்ந்ததை நான் பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்து திறந்தால், ஒவ்வொரு நட்சத்திரமும் நடுவில் ஓட்டையோடு ஒரு மெதுவடை. திரை முழுக்க வடை.

“அந்த நிறமெல்லாம் நிஜமா?” என்பது படத்தைப் பார்க்கிறவர்களின் அடுத்த கேள்வி. எம் 42-இன் சிவப்பு நிஜம். அதன் நடுவில் நான்கு நட்சத்திரங்கள் நெருக்கமாக இருக்கின்றன. அவற்றின் புற ஊதா ஒளி சுற்றியுள்ள ஹைட்ரஜன் அணுவிலிருந்து எலக்ட்ரானைப் பிய்த்து எறிகிறது. எலக்ட்ரான் திரும்பி வந்து படியிறங்கும்போது 656 நானோமீட்டரில் ஒரு சிவப்பு கிளம்புகிறது. காஞ்சியில் பல்லவர் ஆண்டபோது கிளம்பியதுதான் இன்றைக்கு வந்து விழுகிறது. அந்தச் சிவப்பைச் சாதாரண கேமராக்கள் முக்கால்வாசி தடுத்துவிடும். மனிதத் தோல் இயல்பாக விழவேண்டும் என்று சென்சாருக்கு முன்னால் ஒரு வடிகட்டி வைத்திருக்கிறார்கள். நண்பர் தன் பழைய கேமராவைச் சாப்பாட்டு மேசையில் பிரித்து அதைக் கழற்றிவிட்டார். இப்போது அதில் கல்யாணப் படம் எடுத்தால் மாப்பிள்ளை தக்காளி மாதிரி இருப்பார்.

1995-இல் ஹப்பிள் விண்வெளித் தொலைநோக்கி எடுத்த ‘படைப்பின் தூண்கள்’ படம் வேறு வகை. கந்தகத்துக்குச் சிவப்பு, ஹைட்ரஜனுக்குப் பச்சை, ஆக்சிஜனுக்கு நீலம் என்று ஒதுக்கிக்கொண்டார்கள். எந்த வாயு எங்கே என்று பிரித்துக் காட்ட அது ஒரு முறை, நிலப்படத்தில் மலைக்குப் பழுப்பு பூசுவதைப் போல. அதைப் பொய் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் விழாத ஒளியை மென்பொருள் தூரிகையால் தீட்டி, லைக் வாங்குகிறவர்களோடு எனக்குச் சண்டை உண்டு.

மொள்ள வேண்டியது இன்னும் மிச்சமிருக்கிறது. 2004 ஜனவரியில் கென்டக்கியில் ஜே மக்நீல் என்ற பொழுதுபோக்கு ஆர்வலர், வீட்டிலிருந்து 3 அங்குலத் தொலைநோக்கியில் ஓரியனை எடுத்தார். அதுவரை எந்தப் படத்திலும் கவனிக்கப்படாத ஒரு நெபுலா அதில் எரிந்துகொண்டிருந்தது. ஆண்ட்ரோமெடாவைப்போல் படமெடுக்கப்பட்ட கேலக்ஸி கிடையாது. அதன் பக்கத்திலேயே பெரிய ஆக்சிஜன் வில் ஒன்று கிடப்பதை யான் சாண்டி, மார்செல் டிரெக்ஸ்லர், சாவியர் ஸ்ட்ரோட்னர் என்ற மூன்று ஆர்வலர்கள் 2023-இல் உலகத்துக்குக் காட்டினார்கள். நூறு மணி நேரத்துக்கு மேல் மொண்ட ஒளி. அது ஆண்ட்ரோமெடாவுக்குச் சொந்தமா, நம் பால்வீதியில் குறுக்கே கிடப்பதா என்று விஞ்ஞானிகள் வாதாடினார்கள்.

ஒரு மணி வாக்கில் எடுத்தவரை அடுக்கிப் பார்த்தோம். நடு மையம் வெந்துபோய் வெள்ளையாக இருந்தது. அதற்குத் தனியாக ஐந்து நொடிப் படங்கள் எடுத்து ஒட்ட வேண்டும். அதைச் சுற்றிப் பறவை சிறகு விரித்ததுபோல் சிவப்பு, விளிம்பில் புகைபோல் நீலம்.

வரப்பில் காலடிச் சத்தம். மடை மாற்ற வந்தவர்தான். வெளிச்சத்தைக் காணோம். டார்ச்சை அக்குளில் இடுக்கிக்கொண்டு, காலால் வரப்பைத் தடவித் தடவி வந்துகொண்டிருந்தார். திரையைப் பார்த்தார், அண்ணாந்தார், மறுபடி திரையைப் பார்த்தார்.

“எது, அந்த மூணுக்குக் கீழயா?”

ஆமாம் என்றோம். சற்று நேரம் நின்றார். பிறகு மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார். வாய்க்காலைத் தாண்டி, பம்பு செட் சுவருக்குப் பின்னால் போனபிறகுதான் டார்ச்சை அழுத்தினார்.