வாயுவா, மாரடைப்பா?

நெஞ்சை அடைத்தால், "வாயுதான், ஒரு சோடா குடித்தால் சரியாகிவிடும்" என்கிறோம். இரவு பத்து மணிக்குமேல் பரோட்டாவும் சால்னாவும் சாப்பிட்டுப் படுக்கும் நம் மதுரையில் அப்படி நினைப்பது இயல்புதான். விடியட்டும் என்று காத்திருக்கிறோம். அந்தக் காத்திருப்பில் எத்தனையோ பேரை இழந்திருக்கிறோம்.

இதயத்திற்கு இரத்தம் கொண்டுசெல்லும் குழாய்களின் உட்சுவரில் கொழுப்பு பல ஆண்டுகளாகப் படிகிறது. ஒருநாள் அந்தப் படிவு வெடித்து, அதன்மேல் இரத்தம் உறைந்து வழியை அடைத்துவிடுகிறது. இரத்தம் கிடைக்காத தசை, நேரம் செல்லச் செல்ல மடிகிறது. வலி இடது கைக்கோ தாடைக்கோ பரவலாம், வியர்த்துக் கொட்டலாம். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு வலியே இல்லாமல் மூச்சுத் திணறல் மட்டும் வரலாம்.

இந்தப் படிவை விரைவுபடுத்துபவை புகையிலையும், கட்டுக்குள் இல்லாத சர்க்கரையும் இரத்த அழுத்தமும்தான். உப்பு நாளொன்றுக்கு 5 கிராமுக்குள் இருக்கட்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஊறுகாய், அப்பளம், கருவாட்டு உப்பும் அந்தக் கணக்கில்தான் சேரும்! 2021 முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' வழியாக மாத்திரை வீட்டுக்கே வருகிறது. "இப்போது நன்றாகத்தானே இருக்கிறேன்" என்று அதை நிறுத்திவிடுகிறோமே, அதுதான் வருத்தம்.

மேலூர், உசிலம்பட்டிப் பக்கத்துச் சிற்றூர்களிலிருந்து மதுரை அரசு இராசாசி மருத்துவமனைக்கு வந்துசேர நேரமாகும். இத்தகைய ஊர்களுக்காகவே 2023-இல் தமிழக அரசு 'இதயம் காப்போம்' திட்டத்தைத் தொடங்கியது. ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் துணை சுகாதார நிலையங்களிலும் ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், அடோர்வாஸ்டாடின் என 14 மாத்திரைகளை உடனடியாகக் கொடுத்து, மேல்சிகிச்சைக்கு அனுப்புகிறார்கள். இவை நாமாக வாங்கி விழுங்குவதற்கு அல்ல. நெஞ்சு வலித்தால் 108-ஐ அழைப்போம். நோயாளியை நடக்கவிடவும் வேண்டாம், அவரே பைக் ஓட்டிச் செல்லவும் வேண்டாம்.