தள்ளி நின்று பார்ப்போம்

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்துக்கும் கனடாவின் வான்கூவர் தீவுக்கும் இடையே விரிந்து கிடக்கும் சேலிஷ் கடலில், கோடை பிறந்துவிட்டால் சுற்றுலாப் படகுகளுக்கு ஓய்வில்லை. பயணிகள் தேடிப் போவது ஓர்காவை. டால்பின் குடும்பத்திலேயே பெரிய பிராணி அதுதான். வளர்ந்த ஆணின் முதுகுத்துடுப்பு ஆள் உயரத்துக்கு நீரைக் கிழித்துக்கொண்டு எழும். ஆனால் அந்தக் கடலில் இரண்டு வகை ஓர்காக்கள் உலவுகின்றன. 'பிக்ஸ்' வகை கடல்நாய்களையும் கடற்சிங்கங்களையும் வேட்டையாடும். அதற்கு இரை தாராளமாகக் கிடைப்பதால் எண்ணிக்கை பெருகிவருகிறது. 'தெற்குவாசி' வகைக்கு மீன் மட்டுமே உணவு, அதிலும் முக்கியமாகச் சினூக் சால்மன். அந்த மீன் அருகிப்போனதால் இந்த வகையில் எஞ்சியிருப்பவை எண்பதுக்கும் குறைவு. 2005ஆம் ஆண்டிலேயே அமெரிக்கா இவற்றை அழியும் நிலையில் உள்ளவையாக அறிவித்தது. சுற்றுலாப் படகுகள் இந்தத் தெற்குவாசிகளைத் தேடிப் போவதை அடியோடு நிறுத்த வேண்டும் என்பதே என் கருத்து.

காரணம் ஒலி. கலங்கிய ஆழத்தில் தெற்குவாசி ஓர்கா கண்ணை நம்பி மீன் பிடிப்பதில்லை. 'கிளிக்' ஒலிகளை அடுக்கடுக்காக எழுப்பி, எதிரொலியைக் கேட்டே சால்மன் இருக்குமிடத்தைக் கண்டுகொள்கிறது. படகின் இரைச்சல் அந்த எதிரொலியை அமுக்கிவிடும். உறிஞ்சுகிண்ணம் பொருத்திய சிறு பதிவுக்கருவியை ஓர்காக்களின் முதுகில் ஒட்டி அமெரிக்க அரசு விஞ்ஞானிகள் ஆராய்ந்தார்கள். படகு சுமார் 400 கெஜத்துக்குள் நெருங்கினால் பெண் ஓர்காக்கள் பெரும்பாலும் இரை தேடுவதையே விட்டுவிடுகின்றன என்று தெரிந்தது. வயிற்றில் கருவையோ மடியில் குட்டியையோ சுமப்பவை அவைதாம். இனம் தழைப்பது அவற்றின் பசி ஆறுவதைப் பொறுத்தது.

சால்மனைக் குறைத்தவை அணைகள், பெரிய இரைச்சல் சரக்குக் கப்பல்களுடையது, படகை மட்டும் குற்றம் சொல்வது நியாயமா என்று கேட்கலாம். கேள்வி சரிதான். ஆனால் ஆறுகளில் மீன் மறுபடி பெருகப் பல ஆண்டுகள் பிடிக்கும். சரக்குக் கப்பல்களோ 2017 முதல் இந்தக் கடலின் ஹாரோ நீரிணையில் தாமாக முன்வந்து வேகத்தைக் குறைத்துவருகின்றன. படகை விலக்குவது இன்றைக்கே முடிகிற காரியம். நேரில் பார்த்தால்தானே மக்களுக்கு அன்பு பிறக்கும் என்ற வாதத்துக்கும் வலு உண்டு. 1960, 70களில் காட்சிசாலைகளுக்காக ஓர்காக்களை வலைவீசிப் பிடித்தார்கள்; வாஷிங்டனில் 1976இல் அந்த வேட்டை ஓய்ந்ததற்கு, அதைக் கண்டு கொதித்த மக்களும் ஒரு காரணம். ஆனால் அன்புக்குப் படகு தேவையில்லை. இதே கடலில் உள்ள சான் வான் தீவின் லைம் கில்ன் முனையில் பாறைமேல் நின்றாலே, கரையை ஒட்டி நீந்திப்போகும் ஓர்காக்களைப் பார்க்கலாம்.

படகுக்காரர்களின் பிழைப்பும் கெடாது. பிக்ஸ் ஓர்காக்கள் இருக்கின்றன, கூன்முதுகுத் திமிங்கிலங்களும் திரும்பி வந்திருக்கின்றன. உரிய தூரம் விட்டு அவற்றைக் காட்டலாம். தெற்குவாசிகளிடமிருந்து எல்லாப் படகுகளும் 1,000 கெஜம் விலகியிருக்க வேண்டும் என்று வாஷிங்டன் மாநிலம் 2025 ஜனவரி முதல் சட்டமாக்கியிருக்கிறது. கடலில் ஒவ்வொரு படகுக்கும் காவல் போட முடியாது. சட்டத்துக்குப் பயணிகள்தாம் துணை நிற்க வேண்டும். டிக்கெட் வாங்கும்முன் எந்த ஓர்காவைக் காட்டப்போகிறீர்கள் என்று கேளுங்கள். தெற்குவாசிகள் தென்பட்டால் படகைத் திருப்பிவிடுவோம் என்று சொல்பவரிடமே பணத்தைக் கொடுங்கள்.